யாரும் தொழில் நகரம் என்று சொல்லாத ஹட்டன்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட சிறப்புரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னிடம் கேட்டது ஒரு மருத்துவ உரை. நீரிழிவைப் பற்றிப் பேசு, இல்லாவிட்டால் பிரஷரைப் பற்றிப் பேசு என்றார். இந்த மண்டபத்தில் இருக்கிற பாதிப் பேருக்கு அவை இரண்டும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால் அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நாம் படித்த இந்த ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடைசியில் மருத்துவமும் கொஞ்சம் வரும்.

எங்கள் காலத்தில் புவியியல் படிப்பித்த டீச்சர் மழை பெய்கிற நாளில்தான் நன்றாகப் பாடம் நடத்துவார். ஹட்டனில் மழை பெய்யாத நாள் குறைவு என்பதால் நாங்கள் நிறையப் படித்தோம். ஒருநாள் எங்களை யன்னலோரம் கூப்பிட்டு, "இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுற மழை ஹட்டன் ஓயா வழியா மகாவலிக்குப் போய், திருகோணமலையில கடலைத் தொடும். இந்தப் பக்கம் விழுறது டிக்கோயாவில இறங்கி, காசல்ரீ போய், களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகும். ரெண்டு துளியும் பக்கத்துப் பக்கத்துலதான் விழுது. பிறகு ஒண்ணை ஒண்ணு பார்க்கவே பார்க்காது" என்றார். நாங்கள் சிரித்தோம். இன்று இந்த மண்டபத்தில் கனடாவிலிருந்து வந்தவர்களும் பொகவந்தலாவையிலிருந்து வந்தவர்களும் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, டீச்சர் சொன்னது முழுவதும் சரியில்லை என்று தோன்றுகிறது.

அதே ஆண்டில் கைத்தொழில் நகரங்கள் என்றொரு பாடமும் இருந்தது. மன்செஸ்டர், பிற்ஸ்பர்க், ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு. ஆறு வேண்டும், ரயில் வேண்டும், சக்தி வளம் வேண்டும், கூலியாட்கள் வேண்டும், வங்கி வேண்டும் என்று காரணங்களைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதினோம். எல்லாம் யன்னலுக்கு வெளியே இருந்தன. ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்ற இன்னும் இருபது வருடங்களும் ஒரு வெளிநாட்டுப் பயணமும் தேவைப்பட்டன.

நம்மைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கும் படம் நாட்காட்டியில் வருகிற படம்தான். பச்சை மலை, பனி, கூடை போட்ட பெண், ஒரு சிரிப்பு. அந்தப் படத்தை நாமும் நம்பிவிட்டோம் என்பதுதான் என் குறை. இது இயற்கைக் காட்சி இல்லை. ஒவ்வொரு செடியையும் ஆள் வைத்து நட்டு, கவ்வாத்து வெட்டி, ஒவ்வொரு ஓடைக்கும் வழி வெட்டி அமைத்த ஒரு பெரிய தொழிற்சாலை. அதற்குக் கூரை இல்லை, அவ்வளவுதான்.

கோப்பிக் காலத்தில் இங்கே தோட்டங்கள்தான் இருந்தன. கோப்பிக்கொட்டையை அரைகுறையாகக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பினால் மிச்ச வேலையை அங்கேயுள்ள ஆலைகளில் பார்த்துக்கொள்வார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஒரு குணம் உண்டு, அது காத்திருக்காது. இன்று பறித்த கொழுந்தை இன்றிரவே வாட்டவேண்டும். அதனால் ஆலை மலையடிக்கே வரவேண்டியதாயிற்று. இரும்புத் தூண்களும் தகரக் கூரையும் நான்கு மாடியுமாக ஸ்டோர்கள் எழும்பின. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது; அடுத்த வருடம் நானுஓயா போனது. டிக்கோயா, மஸ்கெலியாத் தேயிலைப் பெட்டிகள் எல்லாம் மாட்டு வண்டியில் ஏறி ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்தன. பெட்டி வந்த இடத்துக்குக் கடை வந்தது, கடை வந்த இடத்துக்குப் பணம் வந்தது. 1888இல் இங்கே ஹட்டன் வங்கி தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் கிளை வைத்திருக்கும் ஹட்டன் நேஷனல் வங்கியின் வேர் அதுதான். தலைமையகம் இப்போது கொழும்பில். பெயரை மட்டும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் ஊர்ப் பொருட்களில் பெரும்பாலானவை போன வழியே அதுவும் போனது.

என் அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் ஒரு கிலோ தேயிலை வெளியே வரும் என்று எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். விகிதசமன் கணக்கு எனக்குப் புரிந்தது அப்படித்தான். மேல் மாடியில் வாட்டுவார்கள், கீழே அரைப்பார்கள், நிலத்தில் பரப்பிப் புளிக்கவைப்பார்கள், பிறகு டிரையர். அந்த டிரையரின் பக்கத்தில் இரும்புத் தகட்டில் 'சிரோக்கோ, பெல்பாஸ்ட்' என்று எழுதியிருக்கும். அயர்லாந்தில் ஓர் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் அப்பாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், ஏனென்றால் முப்பது வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பழைய டர்பைன் துருப்பிடித்துக் கிடந்தது. மலையோடையைக் குழாயில் அடைத்து இறக்கி, அதில் சுற்றி, ரோலர்களை ஓட்டியது அது. மலையகம் முழுவதும் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இப்படி இருந்தன. நாட்டில் பல பட்டணங்கள் சிமினி விளக்கில் இருந்த காலத்தில் இங்கே தண்ணீரால் இயந்திரம் ஓடியிருக்கிறது.

இதைப் பெரிதாகச் செய்யலாம் என்று கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர. பொது வேலைகள் திணைக்களத்தில் பொறியியலாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்ட்டன் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள். அவர் பார்த்தது அபர்டீன், லக்சபான நீர்வீழ்ச்சிகளை. தங்கத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை அளந்தார். 1918இல் அதுபற்றி ஒரு கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்தார். ஆட்சியாளர்கள் அவசரப்படவில்லை. 1920களின் நடுவில் தொடங்கிய வேலை சில வருடங்களிலேயே நின்றுபோனது. அவர் விடாமல் 1931இல் அரசாங்க சபைக்கே போய் வாதாடினார். லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. மூன்று வருடத்தில் காலமானார்.

அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு முழுவதும் மாறியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணைக்கட்டு, 1965. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாகலை, 1969. விமலசுரேந்திர, பொல்பிட்டிய, புதிய லக்சபான, கெனியன் என்று மின்நிலையங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. பழைய லக்சபானவையும் சேர்த்தால் ஐந்து நிலையங்கள். ஒரே தண்ணீர் ஒரு டர்பைனைச் சுற்றிவிட்டு, மூச்சுவிட்டு, அடுத்ததைச் சுற்றப் போகும். களனியாகக் கீழே இறங்கி, கித்துல்கலை தாண்டி, பியகம தொழிற்சாலைகளின் ஓரமாக ஓடி, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களில் குடிதண்ணீராகவும் வரும். கொழும்பில் ஒரு வீட்டில் காலையில் கேத்தலைப் போட்டுத் தேநீர் வைத்தால், தேயிலை நம்முடையது, தண்ணீர் நம்முடையது, கேத்தலைச் சூடாக்கும் கரண்டிலும் நம் பங்கு இருக்கிறது. சீனி மட்டும் வேறெங்கிருந்தோ வந்திருக்கும்.

மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடைவீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம். என் அம்மாயி அந்தக் கடைவீதியில்தான் தன் கல்யாணச் சேலை வாங்கியவர். 1996இல் பெரிய வறட்சி வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அந்த வருடம் சாதாரண தரம் எழுதவேண்டியவள். நீர்த்தேக்கம் வற்றி, பழைய ஊர் வெளியே தெரிந்தது. அம்மாயி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெடித்த சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். கோயில் தெரிந்தது. அம்மாயி கும்பிட்டார். பிறகு ஒரு சுவரின் அடியைக் காட்டி, "இங்கனதான் சேலக்கட" என்றார். கடைக்காரர் இன்னும் கடன் பாக்கி கேட்பாரோ என்பதுபோலச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வறட்சியில் நாடு முழுவதும் மணிக்கணக்காக மின்வெட்டு. கொழும்பிலே பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று பத்திரிகையில் வந்தது. எங்கள் லயத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்களுக்குக் கரண்டே இல்லை. அணைக்கட்டு எங்கள் வாசலிலிருந்து தெரியும். பெரிய மின்கம்பிகள் எங்கள் மலைக்கு மேலாகப் போகும். நான் குப்பி லாம்பில் படித்தேன். ஸ்டோருக்கு விளக்கு இருந்தது, பங்களாவுக்கு இருந்தது, லயத்துக்கு 1998இல்தான் வந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படிப் படித்தோம் என்று கையை உயர்த்தச் சொன்னால் இந்த மண்டபத்தில் நிறையக் கைகள் உயரும். வைத்தியராக முதல் வருடங்களில் குப்பி லாம்பு கவிழ்ந்து எரிந்த பிள்ளைகளுக்கு மருந்து கட்டும்போதுதான் எனக்கு அது வறுமை என்று மட்டும் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வெளிநாட்டுப் பயணம். பட்டமேற்படிப்புப் பயிற்சிக்காக ஒரு வருடம் தெற்கு வேல்ஸில், மேர்தர் டிட்வில் பக்கம் இருந்தேன். டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளுக்கும் நிலக்கரிக்கும் உலகப் பெயர் பெற்ற இடம். போன முதல் வாரம் பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். மழை, பனி, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் வரிசை வரிசையாக வீடுகள். லயம்! சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார்.

ஆனால் இறங்கி நடந்து பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொரு கதவிலும் ஓர் இலக்கம். ஒவ்வொரு கதவிலும் கடிதம் போட ஒரு துவாரம்.

வைத்தியசாலையில் இன்னொன்று கண்டேன். வயதானவர் ஒருவர் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தால், என் மேலதிகாரியின் முதல் கேள்வி, "எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தீர்கள், எத்தனை வருடம்?" என்பதுதான். வேலை செய்த இடம் உடம்பில் எழுதப்பட்டிருக்கும் என்று அங்கே எல்லா வைத்தியர்களுக்கும் தெரியும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் டிரெடிகர் என்ற ஊரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறு தொகை ஒதுக்கித் தங்களுக்கென ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அந்த ஊரில் பிறந்த சுரங்கத் தொழிலாளியான அனூரின் பெவன் சுகாதார அமைச்சரானபோது, 1948இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவ சேவையைக் கொண்டுவந்தார். 1948. அதே வருடம் இங்கே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, நம் லயங்களில் பாதிக் காம்பராக்கள் காலியாயின. அங்கே நல்லதாக மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 1966 ஒக்டோபரில் அபர்வான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பாடசாலையின் மேல் விழுந்து 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நம் லயங்களின் மேல் மலை இறங்கியது. இரண்டு இடத்திலும் முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது.

அந்த வருடம்தான் என் ஊரை ஒரு தொழில் நகரமாகப் பார்க்கத் தொடங்கினேன். திரும்பி வந்ததும் என் கேள்விகள் மாறின.

நம்முடைய நோயாளர் அட்டைகளில் தொழில் என்ற இடத்தில் 'தோட்டம்' என்று எழுதுவோம். தோட்டம் என்பது தொழிலா? கொழுந்து பறிப்பவரா, மருந்து அடிப்பவரா, ஸ்டோரில் சல்லடைப் பகுதியா? தேயிலைத் தூசியில் வேலை செய்பவர்களின் சுவாச நோய்களைப் பற்றி நம் நாட்டு மார்பு நோய் நிபுணர் வைத்தியர் உரகொட 1980இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் இருமிக்கொண்டு வருகிற அக்காவிடம் நாங்கள் கேட்பது, "எத்தனை நாளா இருமல்?" அவ்வளவுதான். தோள்வலி என்று வந்த ஒரு பெண்ணிடம் நான் ஒருமுறை எல்லாவற்றையும் விசாரித்தேன். தலையில் கயிறு, முதுகில் கொழுந்து, இடுப்பில் படங்கு, ஒரு நாளைக்கு மூன்று முறை மடுவத்துக்கு ஏறி இறங்குவது, குறிப்பிட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர். இருபத்தாறு வருடம். கடைசியில் அவர், "இதெல்லாம் எதுக்குங்க டொக்டர் கேக்குறீங்க? வேல செஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்றார். குளவி கொட்டி வருகிறவர்களும் அப்படித்தான், விதி என்பார்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டினால் அது தொழில் விபத்து. தேயிலை மலையில் குளவி கொட்டினால் அது மட்டும் ஏன் விதி?

இன்னொரு கேள்வி, விலாசம். இதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

என்னோடு உயர்தரம் படித்த ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டேன், என் வகுப்புக்காரிகளுக்குத் தெரியும். என்னைவிடக் கெட்டிக்காரி. இரசாயனவியல் பாடத்தில் என் குறிப்புகள் எல்லாம் அவளுடையதைப் பார்த்து எழுதியவை. இருவருக்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. எனக்குக் கடிதம் வந்தது, ஏனென்றால் நான் நகரத்தில் ஒரு கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அப்பாவின் யோசனை அது. அவள் உண்மையான விலாசத்தைக் கொடுத்தாள். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர். அவளுடைய கடிதம் தோட்டத்து ஆபீசில் ஒரு தட்டில் மற்றக் காகிதங்களோடு கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். லயத்துக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது யாருடைய வேலையும் இல்லை. அது அவள் கைக்கு வந்தபோது பதிவு செய்யும் திகதி முடிந்து பதினொரு நாள். மேன்முறையீடு எழுதினாள். ஏற்கவில்லை. பிறகு எங்கள் ஆறு போன வழியே அவளும் போனாள். பியகமவில் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து இன்று மேற்பார்வையாளராக இருக்கிறாள். போன மாதம் இந்த விழாவுக்குக் கூப்பிட்டேன். "நீ டொக்டராப் போய் மேடையில நிக்கிறப்ப நான் கீழ உட்கார்ந்து கைதட்டணுமா? தட்டுவேன்டி, ஆனா இந்த வருஷம் வேணாம்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது பழைய கதை இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்யவே வழி இல்லாமல் இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். தனி வீடுகள் கட்டப்பட்ட இடங்களில் பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் வந்திருக்கின்றன. ஆனால் பல லயங்களில் இன்றும் ஆபீஸ்தான் விலாசம். என் கிளினிக்கில் பரிசோதனை முடிவு அனுப்பவேண்டிய நோயாளர்களிடம் விலாசம் கேட்டால், தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுத்த சதைத்துண்டின் முடிவைத் தோட்டத்தின் பெயருக்கு எப்படி அனுப்புவது? இப்போது தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். தொலைபேசி வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் கொழும்பில் வேலை.

இந்த நூற்றாண்டு மலருக்காகச் சங்கம் உறுப்பினர் விவரம் திரட்டியது. அந்தப் படிவங்களைச் செயலாளர் அக்கா எனக்குக் காட்டினார். டொரொன்டோவில் இருக்கும் அக்காவின் விலாசத்தில் மாடி இலக்கம்வரை இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், பஸ்ஸில் நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் தங்கச்சிமார் பலருடைய விலாசம் ஒரே வரி.

இங்கே தபாலதிபர்களாக மூன்று பேர் இருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன். கிராம உத்தியோகத்தர்களாக இருக்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் இருக்கிறீர்கள், தோட்ட நிர்வாகத்தில் வெல்ஃபெயார் ஒபிசர்களாக இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள். ஒரு லயத்துக்கு இலக்கம் போட யார் யாரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் உயர்தரம் எழுதும் நம் பிள்ளைகளில் லயத்திலிருந்து வருகிறவர்களின் பட்டியலை வகுப்பாசிரியைகளிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த வீடுகளிலிருந்து தொடங்குவோம்.

தேநீர் இடைவேளையில் நான் நூலகத்தில், பழைய புவியியல் அறைப் பக்கத்து மேசையில் இருப்பேன். வரும்போது பேனா கொண்டு வாருங்கள். பிரஷர் பார்க்கவேண்டியவர்களும் வரலாம், கருவி கொண்டு வந்திருக்கிறேன்.